கருவிலேயே தடம் மாறும் இதயத் தமனிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ ரிப்போர்ட்டிலோ ஆஞ்சியோ ரிப்போர்ட்டிலோ 'கரோனரி அனாமலி', அதாவது இதயத் தமனியில் பிறவி வேறுபாடு, என்று எழுதியிருந்தால் வீட்டில் யாருக்கும் அன்று தூக்கம் வராது. பெரும்பாலோருக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஒரு சிலர் மட்டும் உடனே கவனிக்கப்பட வேண்டியவர்கள். இந்த இரண்டு வகையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் கீழே உள்ள பதில்களில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

கரோனரி தமனிகள் எவை? அவை எங்கே தொடங்கும்?

இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனால் அதன் சுவர் தடிமனானது என்பதால், உள்ளே இருக்கும் ரத்தத்தைக் கொண்டே தசை பிழைத்துவிட முடியாது. தசைக்கென்று தனிக் குழாய்கள் வேண்டும். அவைதான் கரோனரி தமனிகள். இதயத்தின் மேல் மகுடம் வைத்தாற்போல் சுற்றி ஓடுவதால் இந்தப் பெயர். இலங்கைப் பாடநூல்களில் 'முடியுரு நாடி' என்றே எழுதுகிறார்கள், அழகான சொல்.

உடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி, இதய வால்வைத் தாண்டிய உடனே மூன்று இடங்களில் லேசாகப் புடைத்திருக்கும். ஒரு புடைப்பிலிருந்து இடது கரோனரியும் இன்னொன்றிலிருந்து வலது கரோனரியும் கிளம்பும். மூன்றாவது சும்மா இருக்கும். இடது கரோனரி சிறிது தூரம் போனதும் இரண்டாகப் பிரிகிறது. இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் கிளையை எல்.ஏ.டி. என்பார்கள், பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் போவது சர்க்கம்ஃப்ளெக்ஸ். இந்த ஏற்பாட்டில் எங்காவது மாற்றம் இருந்தால், அதாவது தொடங்கும் இடம், போகும் வழி, முடியும் இடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மாறியிருந்தால், அதைப் பிறவி வேறுபாடு என்கிறோம்.

கருவில் இவை எப்போது, எப்படி உருவாகின்றன?

கருவின் இதயம் ஏறக்குறைய 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கிவிடும். அப்போது அதற்கு ஒரு கரோனரி தமனிகூடக் கிடையாது! சுவர் மெல்லியதாக, உள்பக்கம் பஞ்சுபோல் இடைவெளிகளோடு இருக்கும். ஓடும் ரத்தமே அந்த இடைவெளிகளில் புகுந்து தசையை நனைத்துவிட்டுப் போகும். நாளாக ஆகச் சுவர் தடிக்கிறது, நனைப்பது மட்டும் போதாமல் போகிறது. அதற்குள் வெளியிலிருந்து ஒரு செல் கூட்டம் ஊர்ந்து வந்து இதயத்தின் மேல் ஒரு போர்வைபோலப் படிந்துவிடும். இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் சிரைப் பகுதியிலிருந்தும் இதயத்தின் உள்தோலிலிருந்தும் நுண்குழாய்கள் முளைத்து, அந்தப் போர்வையின் அடியில் ஒரு வலையாகப் பின்னிக்கொள்கின்றன.

இனி வருவதுதான் எனக்கு எப்போது படித்தாலும் வியப்பாக இருக்கும் பகுதி. மரத்தில் கிளை விடுவதுபோல மகாதமனியிலிருந்து கரோனரிகள் வெளியே முளைக்கின்றன என்றுதான் பழைய பாடநூல்கள் சொல்லிவந்தன. 1980களின் இறுதியில் காடை, கோழிக் கருக்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தவர்கள் கண்டது நேர்மாறாக இருந்தது. மகாதமனியின் அடியைச் சுற்றி முதலில் நுண்குழாய்கள் வளையம்போல் சூழ்கின்றன. பிறகு அவற்றில் சில, வெளியிலிருந்து மகாதமனியின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. ஊரெல்லாம் வாய்க்கால் வெட்டி முடித்த பிறகு கடைசியாக ஏரிக்கரையில் மதகு திறப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பல இழைகள் முட்டிப் பார்த்தாலும் நிலைப்பவை வழக்கமாக இரண்டே. மகாதமனியின் மூன்று புடைப்புகளில், பக்கத்தில் இருக்கும் நுரையீரல் தமனியைப் பார்த்தபடி இருக்கும் இரண்டில்தான் அந்தத் துளைகள் விழும். மனிதக் கருவில் இது ஏழாவது வாரத்தை ஒட்டி நடக்கிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் வழக்கமான கணக்கில் ஒன்பதாவது வாரம்.

பிசகு எங்கே நேர்கிறது?

அந்த மதகு திறக்கும் நேரத்தில்தான், பெரும்பாலும். மகாதமனியும் நுரையீரல் தமனியும் முதலில் ஒரே குழாயாக இருந்து, நடுவே தடுப்பு விழுந்து இரண்டாகப் பிரிந்தவை. இந்தப் பிரிவினையும் கரோனரி இணைப்பும் ஏறக்குறைய ஒரே காலகட்டத்தில் நடக்கின்றன. அப்போது நுண்குழாய் தவறான புடைப்பில் இணைந்தால், இடது கரோனரி வலப்பக்கத்திலிருந்தோ வலது கரோனரி இடப்பக்கத்திலிருந்தோ கிளம்பும். ஒரே ஒரு இணைப்பு மட்டும் நிலைத்தால் இதயம் முழுவதற்கும் ஒற்றைத் தமனி. மகாதமனிக்குப் பதில் பக்கத்துக் குழாயான நுரையீரல் தமனியில் இணைந்துவிட்டால், அதுதான் எல்லாவற்றிலும் கடுமையானது. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

நுனிப் பக்கத்திலும் பிசகு வரலாம். தமனியின் கடைசிக் கிளை தசைக்குள் பிரியாமல் நேராக இதய அறைக்குள்ளோ நுரையீரல் தமனிக்குள்ளோ திறந்துகொண்டால் அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர்.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது? இருந்தாலே ஆபத்தா?

1990இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 1,26,595 பேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. அதில் 1,686 பேருக்கு, அதாவது 1.3 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு பிறவி வேறுபாடு இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் தராதவை.

எடுத்துக்காட்டாக, எல்.ஏ.டி.யும் சர்க்கம்ஃப்ளெக்ஸும் ஒரு தண்டிலிருந்து பிரியாமல் பக்கத்துப் பக்கத்துத் துளைகளிலிருந்து தனித்தனியாகக் கிளம்புவது மிகச் சாதாரணம். சர்க்கம்ஃப்ளெக்ஸ் வலப்பக்கத்திலிருந்து புறப்பட்டு மகாதமனியின் பின்னால் சுற்றி வருவதும் அப்படித்தான். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்றபடி கவலை இல்லை. தமனி கொஞ்ச தூரம் தசைக்கு அடியில் புதைந்து ஓடுவதை மயோகார்டியல் பிரிட்ஜ் என்பார்கள். பிணக்கூறு ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் காணும் அளவுக்கு அது பரவலானது. இதயத்தின் பின்சுவருக்கு ரத்தம் தருவது வலது தமனியா இடது தமனியா என்பதுகூட ஆளுக்கு ஆள் மாறும். நம்மில் பெரும்பாலோருக்கு வலது. ரிப்போர்ட்டில் 'லெஃப்ட் டாமினன்ட்' என்று இருந்தால் அது நோயின் பெயரே கிடையாது.

இடது கரோனரி நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பினால் என்ன ஆகும்? வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

இதற்கு மருத்துவத்தில் 'அல்காபா' என்று சுருக்கப் பெயர். சுமார் மூன்று லட்சம் பிறப்புகளில் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கருவில் நுரையீரல் இன்னும் மூச்சு விடத் தொடங்கவில்லை. அதன் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். நுரையீரல் தமனிக்கும் மகாதமனிக்கும் நடுவே டக்டஸ் என்ற இணைப்புக் குழாய் ஒன்று அகலத் திறந்திருக்கும். அதனால் இரண்டு குழாய்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்சிஜன் அளவு நுரையீரல் தமனியில் சற்றுக் குறைவு, அவ்வளவே. ஆகவே கரோனரி எங்கிருந்து கிளம்பினாலும் தசைக்கு வேண்டியது கிடைத்துவிடும். குழந்தை நன்றாக வளரும், இதயம் ஒழுங்காகத் துடிக்கும், பிறந்ததும் நன்றாக அழும், பால் குடிக்கும். கருப்பை அந்தப் பிசகை மூடிக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பிறந்த பிறகு டக்டஸ் மூடிக்கொள்கிறது. நுரையீரல் குழாய்கள் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்கின்றன, நுரையீரல் தமனியில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. இடது கரோனரிக்குள் ரத்தத்தைத் தள்ள ஆள் இல்லாமல் போய்விடுகிறது. வலது கரோனரி தன் கிளைகள் வழியாக இந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் அனுப்பிப் பார்க்கும். அந்த ரத்தமும் தசைக்குள் போகாமல், எதிர்ப்பு குறைந்த வழியைப் பார்த்து, இடது கரோனரியில் பின்னோக்கி ஓடி நுரையீரல் தமனிக்குள் வழிந்துவிடும். இரண்டு மாதக் குழந்தைக்கு மாரடைப்பு வருவது இப்படித்தான்.

வீட்டில் அதை எப்படி அடையாளம் காண்பது?

கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் ஓட்டப்பந்தயம். இதயத்துக்கு அதிக வேலை வைக்கும் நேரம் அதுவே. அல்காபா உள்ள குழந்தை ஆசையாகத்தான் வாய் வைக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் உறிஞ்சும். அப்புறம் சட்டென்று காம்பை விட்டுவிட்டு வீறிட்டு அழும். நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் முத்து முத்தாக வியர்க்கும், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தாலும் வியர்க்கும். முகம் வெளுக்கும், மூச்சு வேகமாக வாங்கும், முழங்காலை வயிற்றோடு மடக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கித் தூங்கிவிடும். பசித்து எழுந்ததும் மறுபடி அதே கதை. எடை ஏறாது.

நம் வீடுகளில் இதைப் பார்த்தால் முதலில் என்ன சொல்வோம்? வாய்வு என்போம், உரம் விழுந்திருக்கிறது என்போம், க்ரைப் வாட்டர் கொடுப்போம். பாட்டி சொல்வதில் தவறில்லை, நூற்றில் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு அது வாய்வாகத்தான் இருக்கும். அழுகை மட்டும் இருந்தால் அப்படியே நினைக்கலாம். பால் குடிக்கும்போது வியர்வை, வெளுப்பு, மூச்சிரைப்பு, எடை ஏறாமை எல்லாம் சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவரிடம் இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லி, இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் குழந்தை பால் குடிப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

1933இல் பாஸ்டனைச் சேர்ந்த பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் மூன்று மாதக் குழந்தை ஒன்றிடம் கண்டு எழுதியதும் பால் குடிக்கும்போது வந்த இதே வேதனையைத்தான். இந்த நோய்க்கு அவர்கள் பெயரும் உண்டு.

அதற்கு என்ன சோதனை, என்ன சிகிச்சை?

ஈசிஜியில் இடப்பக்கத் தசை காயப்பட்டதன் தடயம் பெரும்பாலும் பதிந்திருக்கும். எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியும். எக்கோவில் இடது கீழறை பலூன்போல விரிந்து, சோர்ந்து துடிக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இதே தோற்றத்தைப் பார்த்து 'இதயத் தசை நோய்' என்று எழுதி மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது. தசை நோய் என்று முடிவு கட்டுமுன் இரண்டு கரோனரிகளும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தேடிப் பார்த்தே ஆக வேண்டும். 'இடது கரோனரி மகாதமனியிலிருந்து வருவதைப் பார்த்தீர்களா, டாக்டர்?' என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். எக்கோவில் தெளிவு இல்லையென்றால் சிடி ஆஞ்சியோ இருக்கிறது.

சிகிச்சை அறுவைதான். இடது கரோனரியின் வாயை நுரையீரல் தமனியிலிருந்து ஒரு சிறு வட்டத் துண்டோடு வெட்டியெடுத்து மகாதமனியில் தைப்பார்கள். செய்யாமல் விட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. செய்துவிட்டால், சோர்ந்து கிடந்த அந்தத் தசை சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டெழுகிறது. செத்துவிட்டதாகத் தோன்றிய தசையின் பெரும்பகுதி உண்மையில் ரத்தம் போதாமல் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது! இந்தக் குறையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

இன்னொரு ஆபத்தான வகை உண்டு என்கிறார்களே, விளையாடும் பிள்ளைகளுக்கு வருவது?

ஆம். இதில் தமனி மகாதமனியிலிருந்துதான் கிளம்பும், ஆனால் எதிர்ப்பக்கப் புடைப்பிலிருந்து. தன் இடத்துக்குப் போய்ச் சேர, அது மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே உள்ள சந்தில் புகுந்து போகிறது. பல பேருக்குக் கொஞ்ச தூரம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே பதிந்தும் ஓடும். அதன் வாய் வட்டமாக இல்லாமல், சட்டையின் பொத்தான் ஓட்டைபோல ஒரு கீறலாக இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது அது போதும். வேகமாக ஓடும்போது மகாதமனி விரிந்து அந்தக் கீறலை இழுத்து ஒடுக்கிவிடும், சுவருக்குள் ஓடும் பகுதியும் நசுங்கும். தசைக்கு ரத்தம் அதிகமாக வேண்டிய அதே நேரத்தில் வழி சுருங்குகிறது.

வலது கரோனரி இடம் மாறியிருப்பது எண்ணிக்கையில் அதிகம், இடது மாறியிருப்பது ஆபத்தில் அதிகம். அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்கள் களத்தில் திடீரென்று இறப்பதற்கான காரணங்களின் பட்டியலில், இதயத் தசை தடித்துப்போகும் நோய்க்கு அடுத்த இடத்தில் கரோனரி வேறுபாடுகள் இருந்துவந்திருக்கின்றன.

கூடைப்பந்து ரசிகர்களுக்கு பீட் மாராவிச்சைத் தெரிந்திருக்கும். பத்து ஆண்டுகள் என்.பி.ஏ.வில் ஆடியவர். 1988 ஜனவரி 5 அன்று கலிஃபோர்னியாவின் பசடேனாவில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்தார். வயது 40. பிணக்கூறு ஆய்வில் அவருக்குப் பிறவியிலேயே இடது கரோனரி இல்லை என்று தெரிந்தது. இதயம் முழுவதையும் வலது தமனி ஒன்றே தாங்கியிருக்கிறது. அவ்வளவு ஆட்டத்தையும் ஒற்றைத் தமனியோடு ஆடியிருக்கிறார் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

என் பையன் ஸ்கூலில் மயங்கி விழுந்தான். ஈசிஜி நார்மல். விட்டுவிடலாமா?

எப்போது விழுந்தான் என்பதைப் பொறுத்தது. காலை பிரேயரில் வெயிலில் நெடுநேரம் நின்று, கண் இருட்டி, மெல்லச் சரிந்தான் என்றால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, அல்லது ஓட்டத்தை முடித்த அந்த நொடியில், பொத்தென்று விழுந்தான் என்றால் விடவே கூடாது. ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலும் அப்படித்தான்.

இந்த வகையில் ஓய்வில் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். டிரெட்மில் சோதனைகூட நார்மலாக வந்தவர்கள் பின்னர் இறந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. ஆகவே கரோனரிகள் கிளம்பும் இடத்தைக் கண்ணால் காட்டும் சோதனை தேவை. முதலில் எக்கோ, சந்தேகம் இருந்தால் சிடி ஆஞ்சியோ. விவரம் தெரியும்வரை போட்டி விளையாட்டு வேண்டாம்.

இடது கரோனரி நடுச்சந்தில் போவது உறுதியானால், அறிகுறி இல்லாவிட்டாலும் பொதுவாக அறுவையைப் பரிந்துரைப்பார்கள். மகாதமனிச் சுவருக்குள் ஓடும் பகுதியை உள்பக்கமாகத் திறந்துவிட்டு வாயை அகலமாக்குவது வழக்கமான முறை. வலது என்றால் அறிகுறி, சோதனை முடிவு, வயது, விளையாட்டு எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் 'இதயம் நார்மல்' என்றார்களே, அப்படியானால் இதெல்லாம் இருக்காதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது, அதற்காக ஸ்கேன் செய்தவரைக் குறை சொல்லவும் முடியாது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் நான்கு அறைகள், வால்வுகள், பெருங்குழாய்கள் வெளியேறும் விதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அந்த வயதில் கரோனரியின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பால்பாயிண்ட் பேனாவின் முனையில் சுழலும் குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லிய ஒன்று, நிமிடத்துக்கு 140 முறை துடிக்கும் இதயத்தின் மேல், தாயின் வயிற்றுச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. வழக்கமான ஸ்கேனில் அதைத் தேடுவதே இல்லை.

ஆரோக்கியமான கருவில் கரோனரி ஓட்டம், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் தெரிவதே பொதுவாக 30 வாரத்தை நெருங்கிய பிறகுதான். வளர்ச்சி குன்றிய கருவில் அதற்கு முன்பே தெரியலாம். ஆக்சிஜன் போதாதபோது தமனிகள் அகன்று இதயத்துக்கு அதிக ரத்தத்தைத் திருப்புவதால் அப்படி. அது தமனி அமைப்பின் குறையைக் காட்டுவதில்லை, கரு நெருக்கடியில் இருப்பதைக் காட்டுகிறது. பெரிய ஃபிஸ்டுலா இருந்தால் கருவிலேயே கண்ணில் படுவதுண்டு. அல்காபா அநேகமாகப் படாது, முன்பு சொன்ன அதே காரணத்தால்.

குழந்தைக்கு வேறு பிறவி இதயக் குறை இருக்கிறது. கரோனரியையும் ஏன் பார்க்கிறார்கள்?

அறுவை சிகிச்சையின் திட்டமே அதைப் பொறுத்து மாறும் என்பதால். பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு, 1975இல் பிரேசிலில் அடிப் ஜட்டேனே வெற்றிகரமாகச் செய்து காட்டிய மாற்று அறுவையைத்தான் இன்றும் செய்கிறார்கள். அதில் மிக நுட்பமான வேலை கரோனரிகளைப் புதிய இடத்துக்கு மாற்றித் தைப்பது. ஒற்றைத் தமனியோ சுவருக்குள் ஓடும் தமனியோ இருந்தால் கடினம் கூடும். நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதய நோயான ஃபேலோ நான்குறைகளில், சுமார் 20 குழந்தைகளில் ஒன்றுக்கு எல்.ஏ.டி. வலது கரோனரியிலிருந்து கிளம்பி, அறுவை மருத்துவர் கத்தி வைக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே போகும். முன்கூட்டியே தெரியாவிட்டால் பெரும் ஆபத்து.

கர்ப்பத்தில் நான் செய்த ஏதாவது தவறால் இப்படி ஆனதா?

இல்லை. நீங்கள் சாப்பிட்ட எதுவும், தூக்கிய எந்தக் குடமும், ஏறிய எந்தப் பேருந்தும் இதற்குக் காரணமில்லை. இந்த இணைப்பு முடியும் நேரத்தில் பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகிச் சில வாரங்களே ஆகியிருக்கும். பெரும்பாலான குடும்பங்களில் இது ஒருவரோடு நின்றுவிடுகிறது. ஒரு சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் கண்டதுண்டு. அதனால் உடன்பிறந்த பிள்ளைக்கு ஓடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தால் எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது.

கவாசாகி நோயில் கரோனரி வீங்குகிறதே, அதுவும் இதுதானா?

அது வேறு. பிறந்த பிறகு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், காய்ச்சலோடு வரும் அழற்சியால் தமனி வீங்குவது கவாசாகி. நாம் இங்கே பேசும் கரோனரி வேறுபாடு பிறக்கும்போதே அமைப்பில் இருப்பது.

எனக்கு 55 வயது, ஆஞ்சியோவில் தற்செயலாகத் தெரிந்தது. என்ன செய்ய?

எந்தத் தமனி, எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாகப் போகிறது என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகாதமனிக்குப் பின்னால் போகிறது என்றால் நிம்மதியாக இருக்கலாம். இரண்டு பெருங்குழாய்களுக்கும் நடுவே போகிறது என்றால் சிடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், ஆனாலும் இந்த வயது வரை தொல்லை தராதது உங்கள் பக்கம் இருக்கும் சாட்சி. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளை வால்வு அறுவையோ ஸ்டென்டோ தேவைப்பட்டால், முதலில் அதைத்தான் மேசையில் வைக்க வேண்டும்.